ஓஸ்மானி பெயரில் மூன்று ஒப்பந்தங்கள்

மிர்த்தா மூன்று ஒப்பந்தங்களையும் மேசைமேல் பரப்பிவைத்துக் கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். எங்கள் ஹோல்கின் நகரத்தில் யார் வெளிநாட்டு விசாவுக்கு மனுப் போட்டாலும் முதலில் வந்து உட்காருவது இவள் வீட்டு முன்னறையில்தான். நீதிமன்றத்தில் இருபது வருடம் எழுத்தராக இருந்தவள். எந்தத் தாள் தேறும், எந்தத் தாள் தேறாது என்று மோப்பம் பிடித்தே சொல்லிவிடுவாள் என்று பெயர். கட்டடப் படம் வரைந்து பிழைக்கும் யானிஸ்பெல் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மான்டெர்ரே ஒண்ணு, டொராண்டோ ஒண்ணு, ஹாம்பர்க் ஒண்ணு. நாலு வருஷமா விடாம வேலை. வீட்டுலேருந்தே வெளிநாட்டுக்கு வேலை செய்யறவங்க விசாவுக்கு ஸ்பெயின்காரன் இதைத்தான் கேக்குறான். வெளிநாட்டுல வாடிக்கைக்காரங்க இருக்காங்களா, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கா, வேலை தொடர்ந்து வருதா? எல்லாம் இருக்கு. ஆனா இதுல நீ எங்கம்மா இருக்கே?"

"அது என் தம்பி பேரு."

"ஓஸ்மானி பாத்திஸ்தா. எனக்கும் படிக்கத் தெரியும். உன் பேரு எங்கேன்னு கேக்குறேன்."

இது மிர்த்தாவுக்குத் தெரியாததா? இந்தத் தீவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரனுக்கு வேலை செய்தால் காசு வந்து சேர வழியில்லை. பொருளாதாரத் தடை இருப்பதால், நம் நாட்டுப் பெயரைப் பார்த்தாலே வெளிநாட்டு வங்கிகள் கணக்குத் திறக்க மறுத்துவிடும். அதனால் எல்லோரும் வெளியே இருக்கிற யாருடைய பெயரையாவது இரவல் வாங்குகிறோம். மூலைவீட்டு மென்பொருள்காரன் மியாமி அத்தை பெயரில் உழைக்கிறான். மொழிபெயர்க்கும் லீசெட், விட்டுப்போன புருஷன் பெயரில் உழைக்கிறாள். அவனோடு பேச்சுவார்த்தை அற்று ஆறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் இன்னும் அவளோடு குடித்தனம் நடத்துகிறது. யானிஸ்பெலுக்கு வாய்த்தது தம்பி பெயர்.

தம்பி என்றால் சும்மா தம்பி இல்லை. அம்மா சாகும்போது ஓஸ்மானிக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பதினெட்டு. ஊட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஆளாக்கியவள் இவள்தான். அவன் மாண்டிவிடியோ போகக் கிளம்பியபோது வீட்டு பிரிட்ஜை விற்றுக் கொடுத்ததும் இவள்தான். அங்கே அவன் மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். இவள் இங்கே அரசாங்கத் திட்ட அலுவலகத்து வேலையை விட்டுவிட்டு, கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் வீடுகளும் மருத்துவமனைகளும் வரைந்தாள். வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவாள், கீழே 'ஓஸ்மானி' என்று போடுவாள். அவர்கள் போனில் பேசக் கேட்டால் லைன் சரியில்லை என்பாள். அது முக்கால்வாசி உண்மையும்கூட.

"சரி, அழாதே," என்றாள் மிர்த்தா. யானிஸ்பெல் அழவே இல்லை. "உன் தம்பி நோட்டரி முன்னாடி எழுதித் தரட்டும், வேலை செஞ்சது என் அக்கான்னு. அந்த மூணு பேரும் உன் பேருக்குப் புதுசா ஒப்பந்தம் போட்டுத் தரட்டும். அவன் எழுதினதையும் இதையும் சேத்து வெச்சா கேஸ் நிக்கும். அவன் செய்வான்ல?"

"அவனா? நான் வளத்த பிள்ளைங்க."

அன்றைக்கே ஓஸ்மானியிடம் சொன்னாள். அவனும் உடனே சரி என்றான். "இதுக்குப் போய்க் கேக்கணுமாக்கா? நாளைக்கே போறேன்." நாளைக்கு நோட்டரி விடுமுறை. அடுத்த வாரம் இவனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்து போன் தண்ணீரில் விழுந்தது. இப்படியே மூன்று மாதம் இழுத்தடித்தான். வேறு எவனாவது இருந்தால் யானிஸ்பெல் இரண்டாம் வாரமே பிடித்து உலுக்கியிருப்பாள். இவனிடம் போய், "மருந்து சாப்பிட்டியாடா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. "அக்கா, இந்த வாரம் கண்டிப்பா முடிச்சிடறேன்" என்ற பழைய பாட்டுத்தான். ஆனால் அவன் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், அடுத்த நிலையம் இன்னது என்று அறிவித்தது. யானிஸ்பெல் திரும்பத் திரும்ப நான்கு தடவை போட்டுக் கேட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், மாண்டிவிடியோவுல ஏதுடா மெட்ரோ ரயிலு?"

"அது வந்துக்கா..." என்று அவன் இழுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"மாட்ரிட்ல."

"எப்போ போனே?"

"ஒரு மாசம் ஆச்சுக்கா. கோவிச்சுக்காதே. சொல்லணும் சொல்லணும்னுதான்..."

"எந்த விசாவுல போனே?" கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஒப்பந்தமெல்லாம் என் பேருலதானேக்கா இருந்துச்சு. நீ அதை மாத்தி எடுத்து, அது நடந்து, அதுக்குள்ள சட்டம் மாறிடுச்சுன்னா? ரெண்டு பேரும் இல்ல மாட்டிக்குவோம்! ஒரு ஆளு முதல்ல உள்ள வந்துட்டா, பின்னாடியே இன்னொரு ஆளை இழுத்துக்கலாம். உன்னை நான் விட்ருவேனா?"

"நான் வரைஞ்சதுடா அது. ஒவ்வொரு கோடும்."

"இல்லைங்கல. அதுக்காகத்தான் சொல்றேன், இப்ப நீ நிறுத்திடாதே. விசாவைப் புதுப்பிக்கும்போது வேலை தொடர்ந்து நடக்குதான்னு பாப்பாங்களாம்."

கழுத்தை அறுத்துவிட்டு, கத்தியையும் நீயே கழுவிக் கொடு என்கிறான் பாருங்கள்! யானிஸ்பெல் போனை வைத்துவிட்டு மிர்த்தா வீட்டுக்கு ஓடினாள்.

மிர்த்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பழைய மூன்று ஒப்பந்தங்களையும் மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதை இனிமே என் வீட்டுக்குக் கொண்டு வராதே. இதே தாளுங்க அவன் பேருல அங்க கோப்புல உக்காந்திருக்கு. இப்ப நீ போய், அது என்னோடதுன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்யின்னு ரெண்டு பேரையுமே வெளிய தள்ளுவாங்க. அவனோட போகாது, உனக்கும் கதவைச் சாத்திடுவாங்க. புதுசா ஒண்ணு கொண்டு வா. சுத்தமா உன் பேருல, உன்னைத் தெரிஞ்ச ஆளு கையெழுத்துப் போட்டது. ஒண்ணே ஒண்ணு போதும், நான் கோப்பு திறக்கிறேன்."

உன்னைத் தெரிஞ்ச ஆளு! நான்கு வருடம் கண்ணெரிய உழைத்தும் வெளியே ஒரு ஜீவனுக்கு அவளைத் தெரியாது. தானாகப் போய் எழுதலாம்தான். "நான்தான் ஓஸ்மானி, இத்தனை நாள் உங்களை ஏமாற்றினேன், எனக்கு ஒப்பந்தம் கொடுங்கள்" என்று எழுதினால் யார் கொடுப்பார்கள்? ஓஸ்மானி சொல்லவேண்டும். இது என் அக்கா, என்னைவிடக் கெட்டிக்காரி என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். கேட்டபோதெல்லாம் சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தான். அவளும் அடுப்பெரிய வேண்டுமே, வரைந்துகொண்டுதான் இருந்தாள்.

சமயம் தானே வந்தது. மான்டெர்ரேயில் பெரிய கட்டட நிறுவனம் நடத்தும் கிராசியேலா அம்மாள் ஒரு கண்காட்சிக்காக மாட்ரிட் வருகிறாளாம். ஓஸ்மானியை நேரில் பார்க்க வேண்டுமாம். மலைச்சரிவு வீட்டின் படிக்கட்டில் மாற்றம் இருக்கிறது, உட்கார்ந்து பேசி வரைந்துவிடலாம் என்று எழுதியிருந்தாள். தம்பிக்காரன் பேயறைந்தவன் மாதிரி போனில் வந்தான்.

"அக்கா, நான் செத்தேன். எனக்குப் பென்சிலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"அதை விசா வாங்கும்போது யோசிச்சிருக்கணும்."

"திட்டு, நல்லா திட்டு. ஆனா கைவிட்றாதே. காதுல சின்ன இயர்போன் மாட்டிக்கிறேன், முடி மூடிக்கும். நீ சொல்லச் சொல்ல நான் சொல்றேன். முழிச்சா ரெண்டு தடவை இருமறேன், நீ எடுத்துக் கொடு."

யானிஸ்பெல் நிதானமாகச் சொன்னாள்: "செய்யறேன். ஆனா அந்தம்மாகிட்ட நீ என்னைப் பத்திச் சொல்லணும். முழு உண்மை வேண்டாம். எங்கக்கா ஒருத்தி இருக்கா, அவளும் வரைவா, அவ பேருக்கும் ஒரு வேலை கொடுங்கன்னு. அவ்வளவுதான்."

"செத்துப்போன அம்மா மேல சத்தியம்கா."

இரண்டு வாரம் அவனுக்குப் பாடம் நடந்தது. போனைக் காகிதத்துக்கு நேராக வைக்கச் சொல்லி, ஒரு சுவர் எப்படிப் போடுவது, படிகளை எப்படிக் கோடாகக் காட்டுவது, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் கை பழக்கமே இல்லாத கை. ஆனாலும் அவள் சொன்னபடி இழுத்தால் ஒரு மாதிரி படிக்கட்டு என்று தெரியும் அளவுக்கு வந்தான்.

செவ்வாய்க்கிழமை. அங்கே மாலை ஐந்து, இங்கே காலை பதினொன்று. எங்கள் வட்டாரத்துக்குப் பத்திலிருந்து ஒன்றுவரை கரண்ட் என்று போட்டிருந்தார்கள். அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கு வந்தும்விட்டது. யானிஸ்பெல் மலைச்சரிவு வீட்டின் படங்களை மேசைமேல் விரித்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். கோப்பைகள் உரசும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு அந்த அம்மாளின் கனத்த, நல்ல குரல்.

"அப்பாடா, கடைசியில உன்னைப் பாத்துட்டேன்ப்பா! நாலு வருஷமா கல்யாணம் பேசற மாதிரி கடிதத்துலயே பேசிட்டிருந்தோம். இவ்வளவு சின்னப் பையனா நீ?"

ஓஸ்மானி சிரித்தான். ஆளை மயக்கும் சிரிப்பு அவனுக்கு எப்போதும் உண்டு.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை," என்றாள் கிராசியேலா. "உன் படத்துல மட்டும் வெயில் நிஜமா விழுதே, அதெப்படி? என் ஆபீஸ்ல பத்துப் பேர் இருக்காங்க, ஒருத்தனுக்கும் அது வரலை."

இரண்டு இருமல் கேட்டது.

யானிஸ்பெல் மெல்லிய குரலில் சொன்னாள். "எங்க ஊர்ல பாதி நாள் கரண்ட் இருக்காது மேடம். எந்த மணிக்கு எந்த சுவத்துல வெயில் வரும்னு எனக்கு மனப்பாடம். அது நகர நகர மேசையையும் நகத்திக்கிட்டே வேலை செஞ்சு பழகிட்டேன்."

தம்பி ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். கடைசியில் ஒரு பெருமூச்சைத் தானாகச் சேர்த்துக்கொண்டான்.

"ஐயோ பாவமே," என்றாள் அந்த அம்மாள். குரல் நிஜமாகவே கலங்கியிருந்தது. "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கே ராஜா."

யானிஸ்பெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகட்டும், இந்தப் பரிதாபத்தையும் அவனே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்த ஒரு தாள் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்குத் தோதாகப் பேச்சும் அங்கேயே வந்து நின்றது.

"அடுத்த வருஷம் எங்கிட்ட ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. நீ ஒருத்தனா தாங்க மாட்டே. உன்னை மாதிரி கை உள்ள ஆளு வேற யாராவது தெரியுமா? உங்க ஊர்லயே இருந்தாலும் பரவாயில்லை, நான் நேரா ஒப்பந்தம் போட்டுக்கறேன். வீட்ல யாராவது வரைவாங்களா?"

யானிஸ்பெல் எழுந்து நின்றுவிட்டாள். அவள் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. இதைக்கூடவா எடுத்துக் கொடுக்கவேண்டும்? சொல்லுடா. என் கண்ணு, சொல்லுடா.

"வீட்லயா?" என்றான் ஓஸ்மானி. ஒரு நொடி தயங்கினான், அதை அவள் காது தெளிவாகக் கேட்டது. "யாரும் இல்ல மேடம். அம்மா போனப்புறம் நான் தனி ஆளு. எவ்வளவு வேலைன்னாலும் நானே பாத்துக்கறேன், வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

யானிஸ்பெல் மெதுவாக உட்கார்ந்தாள். தெருவில் ரொட்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"நல்லவேளை, இருக்கிறதைச் சொன்னே," என்றாள் கிராசியேலா. தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி, வேலைக்கு வருவோம். வீட்டுக்காரங்க கீழ தண்ணித் தொட்டி கட்டிட்டாங்க. படிக்கட்டைத் திருப்பிப் போட்டா மேல உத்திரம் தலையில இடிக்குது. நீ என்ன பண்ணுவே? இந்தா பென்சில், போட்டுக் காட்டு."

தொட்டி விஷயம் கடிதத்திலேயே இருந்ததால், இதற்கு விடை யானிஸ்பெலுக்கு ஒரு வாரமாகத் தெரியும். இரண்டு படி முன்னாலேயே திரும்பி, நடுமேடையை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டால் உத்திரம் தலைக்கு மேலே போய்விடும், காலை வெயிலும் படியில் விழும். அந்தத் தாள் அவள் கைக்கடியிலேயே இருந்தது.

இரண்டு இருமல் கேட்டது. அவள் பேசவில்லை.

மறுபடி இரண்டு இருமல், கொஞ்சம் பலமாக. "தண்ணி குடிப்பா," என்றாள் அந்த அம்மாள். இவன் குடித்தான், விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. "அது வந்து மேடம்... படிக்கட்டு... இப்படி..." காகிதத்தில் பென்சில் ஒரு கோடு கீறி நின்றது. மறுபடி இருமினான்.

"ஏம்ப்பா, நீ வரைஞ்ச வீடுதானே இது?" என்ற குரலில் முதல்முறையாகச் சந்தேகம் தட்டியது.

ஓஸ்மானி, கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஏதோ உளறினான். நாற்காலி சரிந்தது. நடையும் கதவும் கேட்டன. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். இணைப்பைத் துண்டித்து மேசைமேல், படிக்கட்டு வரைந்த தாளின்மேல் வைத்தாள். அவன் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. பிறகு திரையில் எழுத்தாக வந்தது.

"அக்கா என்னாச்சு? கரண்ட் போயிருச்சா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இதற்கு என்ன பதில் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் போய்விட்டது என்று ஒரு வரி போட்டால், அவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான், நாளைக்குப் படம் வரும், வேலை ஓடும், அடுத்த சமயம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். போடாவிட்டால் அவனுக்கு மாட்ரிட் இல்லை, அவளுக்கு மான்டெர்ரேயும் இல்லை, மிர்த்தா வீட்டுக் கோப்பு இனி எந்த ஜென்மத்திலும் திறக்காது. அவள் போனைக் கையில் எடுத்து நிதானமாக எழுதி அனுப்பினாள்.

"இல்லடா. கரண்ட் இருக்கு."