முப்பத்தோராவது தடவை

இருபத்திரண்டு வருஷம் ஓபோ என்னும் குழலோடு இசைக்குழுவின் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தவருக்கு, தனியாக வாசிக்க நாலு நிமிஷம் கிடைத்தது. கொடுத்தவர் சொந்த அண்ணன். யாருக்கும் புரியாத இசையை எழுதிப் பேர் வாங்கியவர். தம்பியைத் திட்டும்போது மட்டும் எல்லாருக்கும் புரியும்.

ஒரே சுரம். மூச்சு அற்றுப்போகும்வரை இழுக்க வேண்டும். விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுபது வாத்தியக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அண்ணன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"இன்னொரு தடவை."

இருபதாவது தடவையில் உதடு வெடித்தது.

"அண்ணே, தண்ணி குடிச்சுட்டு..."

"அப்புறம் குடி. தண்ணி எங்கயும் ஓடிடாது."

நடுவில் இழுத்த மூச்சைப் பற்றித் தம்பி கவலைப்படவில்லை. ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுகிறவர் அதையெல்லாம் நறுக்கி எறிந்துவிடுவார். காலங்காலமாக அதுதான் வழக்கம். அதனால் வெட்கமில்லாமல் நாய்போல இரைத்தார். சுரத்தை மட்டும் சுத்தமாகக் காப்பாற்றினார். முப்பத்தோராவது தடவை முடிந்ததும் அண்ணன் சொன்னார்: "போதும். கிடைச்சிருச்சு."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தம்பி மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆல்பம் வந்த அன்று மனைவியையும் அவள் அண்ணனையும் உட்கார வைத்து, நேராகத் தன் வாசிப்பு வரும் மூன்றாவது உருப்படியைப் போட்டார். வயலின்கள் தகரத்தைக் கிழித்தன. பிறகு நிசப்தம். நிசப்தத்தில் யாரோ இரைத்தார்கள். இழுத்து, விக்கி, எச்சில் விழுங்கி, மறுபடி இழுத்து.

"யாருக்கு மாப்ளே சீரியஸு?" என்றார் மச்சான். "நீங்க எப்ப வருவீங்க?"

நாலு நிமிஷம் முடிந்தது. சுரம் ஒன்றுகூட வரவில்லை. மனைவி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அவர் பிடுங்கிப் படித்தார். 'மூச்சு' என்று போட்டு, பக்கத்தில் அவர் பெயர்.

ஃபோனை எடுத்தார்.

"அண்ணே, என் வாசிப்பு?"

"வெட்டியாச்சு. அதை எவன் வேணும்னாலும் வாசிப்பான். நடுவுல உசுரு போற மாதிரி இழுத்தே பாரு, பொறந்ததுலேருந்து நீ உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்டா."

ஃபோனைப் பிடித்தபடியே அவருக்கு இரைத்தது. அந்தப் பக்கம் சத்தமில்லை. அண்ணன் அதைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. மூச்சை அடக்கினார்.

"அடக்காதே," என்றார் அண்ணன். "அடுத்த மாசம் மேடையில பண்றோம். வந்துடு. குழல் எடுத்துட்டு வர வேண்டாம்."

பக்கத்தில் காதை ஒட்டிக் கேட்ட மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை மணிக்குண்ணே?"