பாக்கெட் துணி

முட்டியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து பஸ் டிரைவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரைச் சுற்றிய மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஸ்டூலில் காலை நீட்டிக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். "கை காட்டாம திரும்புறான் பாரு, மடையன்!" என்று மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கத்துவார். அடுப்படிக்குப் போய் மூடி வைத்த பாத்திரங்களைத் திறந்து பார்ப்பார். மறுபடியும் நாற்காலி. மறுபடியும் ஜன்னல்.

அவருடைய மனைவி ஆல்டரேஷன் கடையில் தையல் வேலை செய்தாள். பேண்டின் நீளத்தைக் குறைக்கும்போதும் பாவாடையின் சுற்றளவைக் குறைக்கும்போதும் விழுகிற துண்டுகளை மற்றவர்கள் கூட்டித் தள்ளிவிடுவார்கள். அவள் மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. துவைத்து, இஸ்திரி போட்டு, நிறம் பிரித்து வைத்திருந்தாள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, போர்வை தைப்பது அவளுடைய பொழுதுபோக்கு. இத்தனை வருஷத்தில் டிரைவர் அந்த மூட்டைகளை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. காலில் இடித்தால் திட்டியதோடு சரி.

இப்போது வேறு வழியில்லை. பொழுது போகவில்லை.

"என்ன தைக்கிற?" என்றார் ஒரு மாலை.

"போர்வை."

"இவ்வளவு சின்னதா?"

"கடைக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"கொடு, நானும் ஏதாவது பண்றேன். இல்லன்னா பைத்தியம் பிடிச்சிடும்."

கோணலாகத் தைத்திருந்த ஒரு பகுதியைப் பிரிக்கக் கொடுத்தாள். துணியைக் கிழிக்காமல் நூலை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்த அந்தத் தடித்த விரல்களுக்கு அது எப்படியோ வாய்த்தது. மறுநாள் சதுரம் வெட்டினார். அதற்கடுத்த நாள், எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று மூக்கை நுழைக்க ஆரம்பித்துவிட்டார்.

"பச்சைக்குப் பக்கத்துல பச்சையா? உனக்குக் கண்ணு தெரியுதா?"

"ஓட்டறது உங்க வேலை. தைக்கறது என் வேலை. வாயை மூடிக்கிட்டு வெட்டுங்க."

அவள் கடைக்குப் போன பிறகு சதுரங்களைத் தரையில் பரப்பி, ஊன்றுகோலின் நுனியால் இங்கே ஒன்றைத் தள்ளி, அங்கே ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு துண்டு கண்ணில் பட்டது. மஞ்சளில் சிவப்புக் கட்டம். எங்கேயோ பார்த்த துணி. அவரே எடுத்த துணிதான். வெளியூர் ட்ரிப் போனபோது மகளுடைய கவுனுக்காக வாங்கியது. அதன் பக்கத்தில் இருந்தது மகளின் பள்ளிக்கூடப் பாவாடை. அடுத்தது மனைவியின் பழைய ரவிக்கை. ஆர்டர் கொடுத்தவர்களுக்கு இந்தத் துணியெல்லாம் எதற்கு?

தரையில் கிடந்த ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மகள் இருந்தாள். மனைவி இருந்தாள். அவர் எங்கேயும் இல்லை. கிழிந்த யூனிஃபார்ம்கள் பரண்மேல் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. அந்தக் கருநீலத்தில் ஒரு நூல்கூட இதில் இல்லை.

மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "இது யாருக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இனிமேல் மறைத்துப் பயனில்லை.

"அவளுக்கு இது எட்டாம் மாசம்," என்றாள்.

டிரைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் அவரிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். புருஷனை அழைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. முன்பின் பார்த்திராத ஆளைக் கேட்பதுபோல, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். அவள் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி.

"என் துணி ஏன் இதுல இல்ல?"

"வேண்டாம்னு சொல்லிட்டா. ஒரு துண்டுகூட இருக்கக் கூடாதாம்."

அன்றிலிருந்து அவர் நிலைகொள்ளவில்லை. கூடத்துக்கும் படுக்கையறைக்குமாக ஊன்றுகோல் டொக் டொக்கென்று போய்வந்தபடி இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னதைப்போல நாலு மடங்கு நடந்தார். கீழ்வீட்டுக்காரி மேலே வந்து, "தச்சு வேலை ஏதாவது நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு நாள் மனைவி கடையில் இருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். சட்டையிலிருந்து ஒரு சதுரம் வெட்டினார். போர்வையின் ஒரு ஓரம் இன்னும் மூடாமல் இருந்தது. மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே அதைச் செருகி, பஞ்சோடு மட்டும் சேர்த்துப் பெரிய பெரிய தையலாக நாலு போட்டு நிறுத்தினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மனைவிக்குக் கண் தேவைப்படவில்லை. ஓரம் மூட உட்கார்ந்தவள் போர்வையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். கை நின்றது.

"இங்க என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?"

"விளையாடாதீங்க."

"உள்ளதானே இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. அவ வேண்டாம்னு சொன்னதை ஒளிச்சு வச்சு, அவ பிள்ளை மேல என் கையாலேயே போர்த்தச் சொல்றீங்களா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. "அவ நம்பறது இப்ப என்னை ஒருத்தியைத்தான். அதையும் கெடுத்துடாதீங்க."

அவர் கையை நீட்டினார். அவள் போர்வையைக் கொடுத்தாள். தான் போட்ட தையலைத் தானே பிரித்தார். அவசரத்தில் ஊசி விரலில் ஏறியது.

"நீ கேட்டுப் பாரேன்," என்றார் சதுரத்தைக் கையில் கசக்கியபடி.

"நான் எதுக்குக் கேக்கணும்? வாய் உங்களுக்கு இல்லையா?"

போனை எடுப்பார். வைப்பார். ஜன்னலுக்குப் போவார். தண்ணீர் குடிப்பார். மறுநாள் பகல் முழுக்க இப்படியே போனது. மனைவி கடையிலிருந்து வந்து துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, குளத்தில் குதிக்கிறவரைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினார்.

"ஹலோ, யாரு?"

"நான்தான்… அப்பா."

மறுமுனையில் எங்கோ குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"யாரு வேணும் உங்களுக்கு?" என்றாள் மகள்.

அவர் வாசலில் சொன்னபோது அந்த வார்த்தைகள் இவ்வளவு கனமாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். வந்தது வேறு.

"அம்மா தைக்கிறால்ல… போர்வை. அதுல என் யூனிஃபார்ம்ல ஒரு துண்டு வைக்கலாமான்னு கேக்கத்தான்."

"அந்தத் துணி முரடு. குழந்தைக்கு உறுத்தும்," என்றாள். போன் துண்டிக்கப்பட்டது.

அவர் மனைவியைப் பார்த்தார். "வேண்டாம்னு சொல்றாளா? இல்ல, துணி முரடுன்னு மட்டும் சொல்றாளா?"

"எனக்கென்ன தெரியும்? பேசினது நீங்க."

இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டு அவள் உயிரை வாங்கினார். யூனிஃபார்மைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்க முடியுமா என்று பார்த்தார். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சாக்கு மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் நாள் மனைவி கடையிலிருந்து வந்து கைப்பையை வைத்தாள்.

"பேசினா. பேண்ட் பாக்கெட்டோட உள்துணின்னா வைக்கலாமாம். அது மெத்துன்னு இருக்குமாம். ஆனா பின்பக்கம்தான். மேல்பக்கம் கூடாதாம்."

டிரைவர் சட்டென்று எழுந்ததில் முட்டி மின்னல் வெட்டியதுபோல வலித்தது. பாக்கெட்டின் உள்துணி எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என அவர் கேட்கவில்லை. வேலை முடிந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முழங்கை வரை அதில் கைவிட்டு மிட்டாய் தேடிய பெண்தானே.

இருப்பதிலேயே நைந்து போன பேண்டைத் தேர்ந்தெடுத்து, உள்துணியைப் பிரித்தெடுத்து, அவரே தைத்தார். பின்பக்கம், ஒரு மூலையில். தையல் மேட்டிலும் பள்ளத்திலும் போகிற பஸ் மாதிரி ஏறி இறங்கியது. மனைவி எட்டிப் பார்த்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு காபி போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை போர்வையை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் கிளம்பினாள். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. பகல் முழுக்கக் கதவுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தார். தெருவில் யாரும் தப்பாக வண்டி ஓட்டியதாக அன்று அவர் கண்ணில் படவில்லை. சாயங்காலம் படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ளயாவது வர விடுங்க," என்றாள் மனைவி.

"பார்த்தாளா?"

"பார்த்தா. கையில வாங்கினதும் முதல்ல திருப்பித்தான் பார்த்தா."

"என்ன சொன்னா?"

"இது நீ தைச்சது இல்லையேம்மான்னா. விரலால அந்தத் தையலைத் தடவிக்கிட்டே இருந்தா. உங்க கால் எப்படி இருக்குன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"நேர்ல வந்து பாத்துக்கோன்னேன்."

"அதுக்கு?"

"வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல."

டிரைவர் தலையை ஆட்டினார். உட்காரப் போனவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நடுக்கூடத்தில் நின்றார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படியிறங்கப் பழகப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.