மஞ்சள் டேப்புக்கு அடியில்

ரோபோ போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. மலேசியாவில், கிள்ளான் கல்லூரிப் பட்டறையில் மாணவர்கள் செய்த ரோபோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் அதன் ரேடியோவுக்குக் கரண்ட் நின்றுபோய் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டி எழுப்பியதுபோல் தானாகவே கிளம்பும்.

"ஜீவாதான் விளையாடுறான் லா," என்றான் குழுவில் ஒருவனான பாலன். போன மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போன ஜீவாதான் ரோபோவுக்கு வயரிங் செய்தவன்.

"வாயை மூடு!" என்று சீறினாள் தவமணி.

பேட்டரியை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், ஏரியலைக்கூட மாற்றினார்கள். ரேடியோ வயரில் ஜீவா சுற்றிய மஞ்சள் டேப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அவன் கைவேலை அப்படியே இருக்கட்டும் என்று சொன்னதே தவமணிதான்.

ரோபோ மறுபடியும் நின்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை. டேப்பைப் பிய்த்து எறிந்தாள். உள்ளே ஈயம் உருக்கிச் சோல்டர் வைக்காமல் வெறுமனே முறுக்கிவிட்ட இரண்டு கம்பிகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் ஜீவாவின் கோணல் எழுத்து: "இது தற்காலிகம்தான். திங்கட்கிழமை வந்து ஒழுங்கா சோல்டர் பண்றேன்."

அவன் செத்தது ஞாயிற்றுக்கிழமை.

கம்பிகளைத் தவமணியே சோல்டர் வைத்து இணைத்தாள். ரோபோ ஒரு சுற்று ஓடியது, இரண்டு சுற்று ஓடியது. பாலன் கைதட்டினான். அவள் மட்டும் அது இன்னும் ஒரு தடவை நிற்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.