பெயர் சொல்லாத மன்றாட்டு

பதினொரு மணிக்கு வரவேண்டிய மருது பதினொன்றரை ஆகியும் வரவில்லை. தல்லாகுளத்தில் ஒரு மனநல ஆலோசனை மையத்தின் சின்ன அறையில் எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஜூடு மறுபடியும் அழைத்துப் பார்த்தான். மருதுவின் போன் அணைந்தே இருந்தது.

ஜூடு படித்தது மெக்கானிக்கல். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். கூட வேலை பார்த்த ஒருவன் ஒருநாள் ஷிப்ட் முடிந்து சிரித்துக்கொண்டே போனான். விடிவதற்குள் தன்னை முடித்துக்கொண்டான். பக்கத்திலேயே நின்றும் தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற நினைப்பு ஜூடுவை விடவில்லை. முப்பத்து நாலு வயதில் வேலையை உதறிவிட்டு உளவியல் முதுகலையில் சேர்ந்தான். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இப்போது கடைசி வருடப் பயிற்சி. மேற்பார்வையாளர் ஹெப்சிபா நம்பி ஒப்படைத்த முதல் ஆள்தான் மருது.

மருதுவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. போன மாதம் சாவைத் தேடிப் போய்ப் பாதி வழியில் திரும்பியவன். வீட்டுக்கு அது தெரியாது. தை மாதம் கல்யாணம் வேறு. "பேரு மட்டும் வெளிய போயிரக் கூடாதுண்ணே. போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தான்.

ஜூடுவின் போன் அடித்தது. ஆரோக்கியநாதன். மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜூடுவின் தெருக்காரர்.

"ஜூடு, நல்ல சேதிப்பா. காலையில சர்ச் பீடத்துக்குப் பூ வாங்கப் போனேன்ல, அந்த மருதுங்கிற தம்பியக் கண்டுபிடிச்சுட்டேன். தோள்ல கையப் போட்டு, தம்பி, உங்க மனக்கஷ்டத்துக்காக நாங்க ஜெபிச்சிருக்கோம், தைரியமா இருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்தது ஜூடுவால்தான். போன ஞாயிறு மாலை அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும். முடிவில் ஆளுக்கொரு மன்றாட்டு வைக்கும். காய்ச்சலில் கிடப்பவர், தேர்வு எழுதுபவர், எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அங்கே வேண்டுவார்கள். ஜூடுவின் முறை வந்தபோது நெஞ்சு நிறைய மருதுதான் இருந்தான். "பூ மார்க்கெட்டுல வேலை பாக்குற மருதுங்கிற தம்பியோட மனக்கஷ்டம் நீங்கணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சார், இனி அவர்ட்டயோ வேற யார்ட்டயோ இதப் பத்திப் பேச வேண்டாம். தப்பு என்னோடது" என்று போனை வைத்தான்.

ஹெப்சிபாவிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நானும் ஜெபிக்கிறவதான் ஜூடு. அந்தப் பேர ஆண்டவருக்குச் சத்தமா வேற சொல்லணுமா? அவருக்குத் தெரியாதா?"

அவள் மருதுவின் கோப்பைத் திறந்தாள்.

"உங்க விசயம் அப்புறம். ஆபத்துன்னா மட்டும் கூப்பிடச் சொல்லி மருது தன் தங்கச்சி நம்பர் குடுத்திருக்காரு. நீங்க இப்பவே மார்க்கெட் போங்க. ஆள் அங்க இல்லைன்னா உடனே சொல்லுங்க, தங்கச்சிக்கு நான் பேசுறேன். கடையில நீங்க யாருன்னு சொல்லிறாதீங்க."

சிக்னல்களில் பைக் நிற்கும்போதெல்லாம் ஜூடு மனதுக்குள் வேண்டினான். இந்த முறை பெயர் சொல்லவில்லை.

மார்க்கெட் ஓயத் தொடங்கியிருந்தது. கடையில் முதலாளி கருத்தக்கண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். மருதுவைக் காணோம்.

"என்னண்ணே வேணும்?"

"மல்லி ஒரு கிலோ."

"ஒரு கிலோவா? வீட்டுல விசேஷமா?" சிரித்தவர் ஜூடுவின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். "காலையில உங்காளு ஒருத்தரு வந்து எங்க பயகிட்ட ஜெபம், கிபம்னாரு. அவன் மூஞ்சியே செத்துப்போச்சு. என்னடா நோவுன்னா எரிஞ்சு விழுறான். ஏண்ணே, அவனுக்கு என்னவாம்? உங்களுக்குத் தெரியுமா?"

சாக்குகளுக்குப் பின்னால் ஓர் அசைவு. இரண்டு கண்கள் ஜூடுவையே பார்த்துக்கொண்டிருந்தன. உயிரோடு இருக்கிறான். ஆனால் அந்தப் பார்வை ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது.

ஜூடுவால் உண்மையைச் சொல்ல முடியாது, பொய் சொல்லவும் வரவில்லை. "மூஞ்சி வாடாத மனுசன் யாருண்ணே? நீங்க பூவப் போடச் சொல்லுங்க, வாடிரும்."

கருத்தக்கண்ணன் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். டேய் மருது, ஒரு கிலோ போடு."

மருது எடை போட்டான். பையைக் கொடுக்கும் சாக்கில் பைக் வரை வந்தான்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னீகளேண்ணே."

"சொல்லிட்டேன். உங்க நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன். ஆனாலும் தப்புதான். மன்னிச்சுக்கங்க."

"அந்தப் பெரியவரு திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். அம்புட்டு அன்பா சொன்னாரு. அதத்தான் தாங்க முடியல."

"மருது, நேராக் கேக்குறேன். சாகணும்னு தோணுதா?"

மருது தரையில் கிடந்த பூக்களைக் காலால் ஒதுக்கினான். "மார்க்கெட் முடியவும் கெளம்பிரணும்னுதான் இருந்தேன். நீங்க வரவும், மொதலாளிகிட்ட என்னத்தச் சொல்றீகன்னு பாத்துட்டுப் போவோம்னு நின்னேன்."

"இப்ப?"

"இப்ப அம்புட்டு இல்ல. ஆனா உங்கட்டப் பேச மாட்டேன்."

"வேண்டாம். மேடம் இருக்காங்க, அவங்ககிட்டப் பேசுங்க. இன்னிக்குத் தனியா மட்டும் இருக்காதீங்க. வண்டில ஏறுங்க."

மருது தயங்கினான். பிறகு கடைப்பக்கம் திரும்பி, "வாரேன் மொதலாளி" என்று குரல் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "இம்புட்டுப் பூவ வச்சு என்னண்ணே செய்வீக?"

"தெரியலப்பா."

முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஹெப்சிபாவின் அறைக்கதவு வெகுநேரம் மூடியே இருந்தது. ஜூடு மல்லிகைப் பையோடு வெளியே உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவள் மட்டும் வந்தாள். "தங்கச்சிகிட்ட அவரே பேசிட்டாரு. கூட்டிட்டுப் போக வந்துக்கிட்டிருக்கு. இனி நான் பாத்துக்கிறேன். நீங்க இந்தப் பருவம் முடியிற வரைக்கும் யாரையும் பாக்க வேண்டாம். அடுத்த வருசம் இந்தப் பயிற்சியத் திரும்பச் செய்யணும்."

"சரி மேடம்."

அடுத்த ஞாயிறு அன்பியத்தில் மன்றாட்டு ஒவ்வொருவராகச் சுற்றி ஜூடுவிடம் வந்தது. அவன் கைகளைக் குவித்து மனதுக்குள் வேண்டினான். எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். ஆரோக்கியநாதன் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு, எல்லா மன்றாட்டுக்கும் சொல்வதைப் போலவே, கண்ணை மூடிக்கொண்டு முதல் ஆளாகச் சொன்னார்:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."