அசல் விலை

பிராணவாயு முகமூடியை மூக்கிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதோட அசல் என்னம்மா?" என்று ஜமால் கேட்டதும், அவர் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். மகள் இர்பானா பதறி எழுந்து வந்து முகமூடியைத் திரும்பப் பொருத்தினாள். அவள் கையை எடுத்த மறுகணமே அவர் மறுபடியும் தூக்கினார்.

"விலை தெரியும். பில்லுல நானூத்தி இருபதுன்னு போட்டிருக்கு. நான் அசலக் கேக்குறேன்."

"எனக்குத் தெரியாது பாய். ஸ்டோர்லேர்ந்து வரும், நாங்க மாட்டுவோம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்ல. கேட்டுச் சொல்லு."

சரி என்று தலையாட்டிவிட்டு ஜெஸ்லின் அடுத்த கட்டிலுக்குப் போனாள். பேசிய களைப்பில் ஜமாலுக்கு இரைத்தது. நுரையீரல் இரண்டும் கை விரித்துவிட்டன என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் அவருடைய இந்தக் குணம் மட்டும் நோய் நொடியில்லாமல் இருந்தது.

காந்தி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவர் அவர். எதைப் பார்த்தாலும் அசல் கேட்பார். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பிரியாணி சகன் முன்னால் வந்ததும் ஒரு சகனுக்கு என்ன அடங்கியது என்பார். இர்பானாவின் நிக்காஹ் அன்று மண்டபத்துச் சரவிளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, மாப்பிள்ளை வந்ததைக்கூடக் கவனிக்காதவர். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அசல் தெரிந்துவிட்டால் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவார். தெரியாவிட்டால்தான் மனிதருக்குத் தூக்கம் வராது. சின்ன வயதில் இதற்காக வெட்கப்பட்ட இர்பானா, தென்னூரில் குழந்தைகளுக்கான துணிக்கடை போட்ட பிறகு தானும் அப்படியே ஆகிவிட்டாள். தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். இங்கே தகப்பனைப் பார்த்தாலே போதும்.

அன்று காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் டாக்டர் லக்ஷ்மணன் அவளைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார். இனி மருந்துக்கு வேலையில்லை. எங்கே இருந்தாலும் இன்றோ நாளையோதான். வீட்டில் ஒரு சிலிண்டருக்கு ஏற்பாடு செய்துகொண்டால் இப்போதே கூட்டிப் போகலாம். வரகனேரி வீட்டில் தன் கட்டிலில் கிடந்து போக வேண்டும் என்பதுதான் ஜமாலின் ஆசையும். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா என்று இர்பானா கேட்டபோது அவர் விரலை ஆட்டித் தடுத்தார்.

"சாயங்காலம் போவோம். நஸ்ரு மத்தியானம் வர்றேன்னிருக்கான். அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் கேட்க நினைத்தது இதுதான். அவர் படுத்திருந்த இந்தப் புத்தூர் ஆஸ்பத்திரியை மார்க்கெட்காரர்கள் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். மார்க்கெட்டில் மூட்டைக்கு இத்தனை காசு என்று மகமை எடுத்து வைத்துக் கட்டியது. லாபமோ நட்டமோ, அன்றைக்கு இறங்கிய மூட்டைக்குரிய மகமையை முதலில் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் ஜமால் கல்லாவில் உட்காருவார். கிழங்கு அழுகி லோடோடு குப்பைக்குப் போன வருஷத்திலும் அவர் அதை நிறுத்தவில்லை. முதலில் ஓட்டுக் கூரையும் வேப்பமரமுமாக ஒரே ஒரு வார்டு இருந்தது. அவர் மனைவி வஹீதா அங்கேதான் கண்ணை மூடினாள். அன்றைய மொத்த பில், ஒரு லோடு கிழங்குக்குக் கொடுக்கும் லாரி வாடகையைவிடக் குறைவு. இப்போது அந்த இடத்தில் கண்ணாடி பதித்த மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வாசலில் அதே பலகை: லாப நோக்கமற்ற அறக்கட்டளை. லாபமே இல்லையென்றால் மாடிமேல் மாடி எதில் முளைத்தது? அட்மிட் ஆன நாளிலிருந்து ஜமாலை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. கோபமில்லை அவருக்கு. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி கமிட்டியின் செயலாளர் நஸ்ருல்லா, பக்கத்துக் கடையில் பூண்டு வியாபாரம் பார்த்தவர், ஜமாலின் பால்ய சிநேகிதர். சொன்னபடியே மத்தியானம் சாத்துக்குடிப் பையோடு வந்தார். ஜமால் கேட்டேவிட்டார். நஸ்ருல்லா சிரித்து மழுப்பி, "மொதல்ல ஒடம்பப் பாரு ஜமாலு" என்று போர்வையை இழுத்துவிட்டார். ஜமாலின் கண்கள் மகளிடம் திரும்பின. நீ கேட்டு வா என்பது அந்தப் பார்வையின் அர்த்தம்.

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இர்பானா அதே கேள்வியைக் கேட்டாள். நஸ்ருல்லா வெகுநேரம் டீயை ஆற்றினார்.

"லாபம்னு சொல்லாதம்மா. உபரி. ஒருத்தரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. கமிட்டிக் கூட்டத்துல டீக்கூட நாங்க சொந்தக் காசுலதான் குடிக்கிறோம்."

"அது தெரியும் மாமா. அத்தாவும் உங்களச் சந்தேகப்படல. பின்ன எங்க போகுது அது?"

அவர் டீ டம்ளரால் மேலே காட்டினார். பிறகு, யாரும் இதுவரை இப்படி உட்கார்த்தி வைத்துக் கேட்டதில்லை போலும், கொட்டிவிட்டார். முதலில் ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கினார்கள். அதை வைக்க ஒரு மாடி கட்டினார்கள். மாடிக்கு பாங்க்கில் கடன். கடன் அடைய வேண்டுமென்றால் கட்டில்கள் காலியாகக் கிடக்கக் கூடாது. கட்டில் நிறைய வேண்டுமென்றால் பேர்போன டாக்டர்கள் வர வேண்டும். அவர்கள் வந்தால் இதைவிடப் புதிய மிஷின் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் கமிட்டியில் எல்லாவற்றுக்கும் அசல் போட்டுப் பார்த்து, அதன்மேல் கொஞ்சம் வைத்து விலை சொன்னார்கள். அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று. இப்போது அடுத்த தெரு தனியார் ஆஸ்பத்திரியில் என்ன வாங்குகிறார்களோ அதில் கொஞ்சம் குறைத்து வைத்துவிடுகிறார்கள். அதிலேயே நன்றாக மிச்சம் நிற்கிறது. இதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் குரல் இறங்கிப்போய் மேஜையைப் பார்த்தார்.

"அம்மா இருந்த வார்டு?"

"அது இப்ப மருந்துக் கடை. அதுலதான் நமக்கு நல்லா நிக்குது." டம்ளரைக் கீழே வைத்தார். "ஏழைங்களுக்கு மாசா மாசம் முகாம் போடுறோம்மா. இல்லேங்கல. ஆனா ஆனையக் கட்டியாச்சு. தீனி போட்டுத்தானே ஆகணும்."

இர்பானாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடைக்கணக்கு பார்க்கிறவள் அவள். அந்த மனிதர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதும், அப்படியிருந்தும் மூச்சு முட்டுகிறவன் தலையில்தான் எல்லாம் வந்து விடிகிறது என்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது.

அவள் வந்து கட்டிலருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜமால் கண்ணை மூடிக்கொண்டு, கிழங்கு விலை கேட்கிறவர்போல, இடையில் பேசாமல் கேட்டார்.

"யாரோ திங்கிறானுகளோன்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். "திருடன் இருந்தா புடிச்சிரலாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்ப கட்டடம்தான் மொதலாளி. நானும் நஸ்ருவும் சம்பளமில்லாத கூலி."

முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அசல் தெரிந்துகொண்டால் வருகிற அதே திருப்தி. "சரி, வாம்மா. வீட்டுக்குப் போவோம்," என்றார்.

அப்போதுதான் இர்பானாவின் தம்பி தாஹாவும் நஸ்ருல்லாவும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். மேலே ஐசியுவில் ஒரு கட்டில் ஒழித்து வைக்கச் சொல்லியிருப்பதாகவும், தன் பேரில் கமிட்டிக்காரர்களுக்கு உள்ள சலுகை விலைதான் என்றும் நஸ்ருல்லா சொன்னார். வீட்டுக்குப் போகத்தான் அத்தா கேட்கிறார் என்று இர்பானா சொல்ல வாயெடுப்பதற்குள் தாஹா அவள் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனான். அவன் மண்டியிலேயே வளர்ந்தவன். பெரிய மனுஷர் வாய்விட்டு ஒன்று தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்வது காந்தி மார்க்கெட்டில் கை நீட்டி அடிப்பதற்குச் சமம்.

"மாமா கேட்டதுக்கு வேணாம்னா என்னக்கா நெனப்பாரு? நாளைக்கு ஊருதான் என்ன சொல்லும், காசுக்குப் பாத்துக்கிட்டு வீட்டுல போட்டுட்டாங்கன்னு சொல்லாது?"

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. மேலே கொண்டுபோனால், அந்த மிஷின்களில் ஒன்று, ஒருவேளை. டாக்டர் சொன்னது காதில் இருந்தும் அந்த ஆசை போகவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

ஜமால் எதிர்க்கவில்லை. தள்ளுகட்டிலில் போகும்போது பளிங்குத் தரையையும் சுவரில் பதித்த விளக்குகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். லிப்டுக்குள் முகமூடியை லேசாகத் தூக்கினார்.

"இது எந்தக் கம்பெனி லிப்டு?" என்றார். "அசல் நெறைய இருக்கும்."

இர்பானாவிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. ஐசியு கதவு சாத்திக்கொண்டது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் திறந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். மூச்சு அடங்கியிருந்தது.

பில்லில் பாக்கி நின்றது. நஸ்ருல்லா தன் பொறுப்பில் சொல்லி மய்யித்தை உடனே வீட்டுக்கு அனுப்பினார். ஆம்புலன்சுப் பக்கத்தில் நின்றிருந்த இர்பானாவிடம், "கேக்காம இருந்தா நீங்க தப்பா நெனச்சுக்குவீங்கன்னுதாம்மா அந்த பெட்டக் கேட்டேன்," என்றார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவர் கேட்காவிட்டால் தப்பு என்று கேட்டிருக்கிறார்; தாஹா மறுத்தால் தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். யாருக்குமே வேண்டாத கட்டிலில் அத்தா தனியாகப் போயிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு தூக்கினார்கள். அந்தத் தெருவில் மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்ததும் வாசலிலேயே கொடுக்கல் வாங்கல் கேட்டுவிடுவது வழக்கம். இர்பானா ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்த்தாள். தெரு முழுக்க மார்க்கெட் ஆட்கள். தாஹா சந்தூக்கின் தலைமாட்டில் நின்று, குரல் நடுங்காமலிருக்க நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"எங்க அத்தா யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியது இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் பொறுப்பு. யார் மனசையாவது நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

ஆஸ்பத்திரி பில் நின்றதால், பாக்கி கேட்க உரிமை இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். இர்பானா நஸ்ருல்லாவையே பார்த்தாள். அவளுக்கு விசித்திரமாக ஒன்று தோன்றியது: இறந்தவர் கொடுக்க வேண்டியதை இத்தனை பேர் முன்னால் கேட்கிறோம், அவருக்கு வர வேண்டியதை யார் கேட்பது? நஸ்ருல்லா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குனிந்து சந்தூக்கின் முன்கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

நாலடிக்கு ஒருவர் தோள் மாற்றிக்கொள்வதுதான் முறை. எல்லோருக்கும் நன்மை போய்ச் சேர வேண்டும். இளவட்டங்கள் வந்து கைவைத்தார்கள். அவர் கொடுக்கவில்லை. முழங்கால் வலிக்காரர், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். தெருமுனை திரும்பி மறைகிறவரை அந்தத் தோள் மாறவில்லை.

பெண்கள் அழுது ஓய்ந்து, குர்ஆன் ஓத ஆரம்பித்தபோது வாசலில் ஜெஸ்லின் வந்து நின்றாள். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். இர்பானாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தயங்கித் தயங்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி காதோடு சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பாய் கேக்கச் சொன்னாரு. நேத்து மத்தியானமே ஸ்டோர்ல கிளமென்ட் அண்ணங்கிட்டக் கேட்டுட்டேன். சொல்ல வர்றதுக்குள்ள மேல கொண்டு போயிட்டாங்க."

"என்ன கேட்ட?"

"அந்த மாஸ்க்கு. நாப்பத்திரெண்டு ரூபாதானாம்."

"நாப்பத்திரெண்டா?" என்றாள் இர்பானா. சட்டென்று எழுந்து, அத்தாவிடம் சொல்வதற்காக உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் விரிப்பை உருவியிருந்தார்கள். தலையணை கொல்லையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.