அந்த ‘டக்’குக்கு அப்புறம்

புருஷன் செத்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் அவன் கைக்கான பழைய பங்காளிச் சண்டை மேடையேறிவிட்டது. அரங்கத்தின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, மேடையில் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவருக்குமே ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயது. ஒருவர் மருந்துக்கடைக்காரர், ரசிகர் மன்றத்தின் தலைவர். இன்னொருவருக்கு மொட்டை என்று பட்டப்பெயர். தலை நிறைய முடி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர் முடி வளர்ந்த பிறகும் போகவில்லை.

“உள்ளங்கையால அமுக்கினாருய்யா! அமுக்கினாதான் சத்தம் அப்படி நறுக்குனு நிக்கும்!” என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

“ஒயரைப் பிடுங்கினாரு!” என்றார் மொட்டை. “வாசிச்சு முடிச்சதும் கிடார்லேர்ந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டாரு. அதுதான் அந்த டக்! காது கேக்கலேன்னா உன் கடையிலயே சொட்டு மருந்து இருக்கு, எடுத்து ஊத்திக்க!”

நடுவில், கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பல் டாக்டர் நின்றார். மாலை அவள் புருஷன் நினைவாக நடக்கப்போகும் அஞ்சலி நிகழ்ச்சியில் அவனுடைய பேர்போன கிடார் சோலோவை வாசிக்கப் போகிறவர் அவர்தான். எந்தக் கட்சியிலும் சேராததால் இரண்டு கட்சியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் சட்டைகள் விடுபட்டன. “வாங்க அண்ணி, வாங்க வாங்க!”

அவன் இவர்களுக்கெல்லாம் அண்ணன், அதனால் இவள் அண்ணி. மாமியார் பெறாத இந்தக் கொழுந்தன்மார் கூட்டம் கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் விடிந்திருந்தது. அவன் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையில் கூடி, அவன் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணி என்ன வேலை பார்க்கிறாள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். அந்தக் குரலைக் கேட்டு அடித்துப் பிடித்து ஓடி வண்டி ஏறியவர்களில் ஒருவராவது அது யார் குரல் என்று விசாரித்ததில்லை.

கூட வந்த தங்கை அவள் காதைக் கடித்தாள். “ஏன்க்கா, இவங்கள்லாம் தானா பல்லு தேய்ப்பாங்களா, இல்ல அதையும் மாமா வந்து சொல்லணுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனநிலையில்தான் வந்திருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து போனால் போதும் என்றுதான் அழைத்திருந்தார்கள். ஆனால் அவள் பாடுவதற்காக வந்திருந்தாள். ஒத்திகைக்கே வந்துவிட்டால் எங்கே நிற்பது, எந்த மைக் என்று பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அந்த சோலோ வருகிற பாட்டு ஒரே ஒரு தடவைதான் மேடையேறியது. அவளும் புருஷனும் சின்ன வயதில் நடத்திய இசைக்குழு அதற்கு அடுத்த மாதமே கலைந்து, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். பாட்டில் ஒருத்தன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். எனக்கு உலகம் பெரிது, நீ எனக்குச் சின்னது என்று இரண்டு சரணம் பாடிவிட்டுப் போகிறான். அதை அவள் புருஷன் பாடினான். பிறகு அந்த கிடார் சோலோ. அதன் கடைசியில் சுரம் மேலே மேலே ஏறி, ஒரு கேள்வியைப் போல நிற்கும். அதற்குப் பதில்தான் மூன்றாவது சரணம், வீட்டில் இருக்கிறவள் சொல்வது. அதை எழுதியவளும் அவள், பாடியவளும் அவள். மண்டபத்தில் பெண்கள் எழுந்து நின்று கை தட்டியது அவளுக்கு நேற்று நடந்ததுபோல் இருந்தது. ஒரு மாதமாக, பணி முடிந்து மைக்கை அணைத்த பிறகு அறிவிப்பு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சரணத்தைப் பாடிப் பழகியிருந்தாள்.

“சோலோ முடிஞ்சதும் நான் எந்தப் பக்கமா வரணும்?” என்று கேட்டாள்.

மருந்துக்கடைக்காரர் விழித்தார். “எதுக்கு அண்ணி?”

“மூணாவது சரணத்துக்கு.”

“எந்தப் பாட்டுக்கு?”

“என்னங்க கேள்வி இது? இந்தப் பாட்டுக்குத்தான்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் உள்ளங்கைக் கட்சியும் ஒயர்க் கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு பார்வையில்தான் இருக்கும்.

“அண்ணி,” என்றார் மருந்துக்கடைக்காரர், கடையில் காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில், “இந்தப் பாட்டு சோலோவோட முடிஞ்சிடும். அதுதான் அண்ணனோட பெருமையே. அந்த டக்கோட முடிச்சிட்டாரு. உலகத்துல வேற யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?”

பல் டாக்டர் தன் பங்குக்கு வாசித்துக் காட்டினார். நன்றாகவே வாசித்தார். கடைசி சுரம் ஏறி நின்றதும் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி, அதே நொடியில் விரல் முட்டியால் கிடாரின் கட்டையில் ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டினார். “இந்த டக் சரியா வர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அண்ணி,” என்றார். முட்டியில் தோல் காய்த்துப்போயிருந்தது.

“பதிவு இருக்கா? போடுங்க,” என்றாள் அவள்.

அந்தப் பதிவை அவள் அதுவரை கேட்டதே இல்லை. யாரோ ஒரு ரசிகர் மண்டபத்தில் கேசட்டில் பிடித்தது, பிரதிக்குப் பிரதி எடுத்துக் கைமாறிய சரக்கு. கேட்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், “ஒரே இரைச்சல். உன் குரல் தகரத்தைத் தட்டின மாதிரி கேக்கும், வேண்டாம் விடு,” என்று புருஷன் தள்ளிப்போட்டுவிடுவான். அவளும் விட்டுவிட்டாள். தன் குரல் தகரமாகக் கேட்பதை யார் விரும்புவார்கள்?

மருந்துக்கடைக்காரர் பெட்டியை இயக்கினார். அவன் பாடினான், சோலோ வந்தது, சுரம் ஏறியது. டக். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “அட ராமா! டேப் தீர்ந்து போயிருக்கு! பிரதி எடுக்கறப்போ ஓடற பொட்டியில டேப் தீர்ந்தா பட்டன் தானா மேல தெறிக்கும், அதையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. அந்தச் சத்தம்ங்க அது! உள்ளங்கையும் இல்ல, ஒயரும் இல்ல!”

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் மட்டும் தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இல்ல அண்ணி,” என்றார் மருந்துக்கடைக்காரர். முகம் சிவந்திருந்தது. “நான் அன்னைக்கு மண்டபத்துல இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு வந்தேன். அந்த டக்கை என் ரெண்டு காதால கேட்டேன். அதோட முடிஞ்சது. எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க.”

பொய் சொல்கிற முகமில்லை அது. ஆயிரம் தடவை கேட்ட கேசட், அவர் மண்டபத்தில் கேட்டதைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. அவள் நின்ற இடம், அவள் கட்டியிருந்த புடவை, அவள் திறந்த வாய் எல்லாம் அந்த மண்டைக்குள்ளிருந்து துடைத்துப் போட்டாயிற்று. கை தட்டியது மட்டும் மிச்சம், அதுவும் அவன் கணக்கில்.

“அவங்க எனக்குத் தட்டினாங்க,” என்றாள்.

“அண்ணி துக்கத்துல இருக்கீங்க. மனசு குழம்பி இருக்கும். யார் மேலயும் தப்பில்ல.”

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. “குழம்பியிருக்கா? டெய்லி நூறு வண்டியை இடம் மாறாம சொல்றவ நான். எனக்கு மனசு குழம்பினா இந்த ஊர்ல ஒருத்தன் ஒழுங்கா வீடு போய்ச் சேரமாட்டான். நான் எழுதின பாட்டு எனக்குத் தெரியாதா?”

“அக்கா, வா போயிடலாம்,” என்றாள் தங்கை. “இந்தச் சுவத்துல முட்டிக்கிட்டா நம்ம தலைதான் வீங்கும்.”

அப்போதுதான் மொட்டை கைப்பேசியை நீட்டினார். நல்லெண்ணத்தோடுதான் நீட்டினார், அண்ணியின் குழப்பத்தைத் தீர்த்து வைக்கிற எண்ணம். “கோவப்படாம இதைப் பாருங்க அண்ணி. அண்ணன் இருக்கும்போது கடையில நானே எடுத்தது.”

திரையில் அவன் வந்தான். பின்னால் கிடார்கள் வரிசையாகத் தொங்கின. இவள் காலையில் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. மொட்டையின் குரல் கேட்டது: “அண்ணே, அந்த இடத்துல ஏன்ணே அப்படி டக்குனு முடிச்சீங்க?”

அவன் கடை வாசலைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அகப்பட்டுக்கொண்ட பிறகு தப்பிக்க வழி கிடைத்துவிட்டால் வருகிற சிரிப்பு. “சொல்ல வேண்டியதை கிடார் சொல்லிடுச்சு,” என்றான். “அதுக்கு மேல என்ன வந்தாலும் அது வெறும் பேச்சு.”

வெறும் பேச்சு.

அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். மறுபடியும் சொன்னான். இந்தக் கூட்டம் முட்டாள் கூட்டம், சரி, தீர்ந்துபோன டேப்புக்குக் கோயில் கட்டுகிற கூட்டம். அவன் முட்டாள் இல்லை. சுரம் ஏறி நின்றபோது பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துத் தலையசைத்தவன் அவன். சரணம் முழுக்க அவளுக்குக் கீழே வாசித்தவன் அவன். வீட்டில் ஒரே தட்டிலிருந்து அவளோடு சாப்பிட்டவன்.

உன் குரல் தகரம் மாதிரி கேக்கும்! அந்தக் கேசட்டில் அவள் குரலே இல்லை. இல்லாத குரல் எப்படித் தகரமாகக் கேட்கும்? அவளை அந்தப் பதிவின் பக்கம் வரவிடாமல் இத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறான். இவர்கள் கொடுத்த கிரீடத்தைக் கழற்ற மனசில்லாமல், கட்டினவளின் வாயை அடைத்திருக்கிறான். இருந்திருந்தால் தலையணையை விட்டெறிந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். செத்துத் தொலைந்துவிட்டான். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுத அழுகையை எல்லாம் திரும்பக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

“பாத்தீங்களா அண்ணி?” என்றார் மருந்துக்கடைக்காரர் இதமாக. “நீங்க முன்வரிசையில நிம்மதியா உக்காருங்க.”

அவள் உட்கார்ந்தாள். தங்கை எவ்வளவோ இழுத்தும் வீட்டுக்குப் போகவில்லை, அவள் ஊற்றிக் கொடுத்த டீயையும் தொடவில்லை. மாலையில் கூட்டம் வந்து அரங்கம் நிறைந்தது. இடைகழியில் வழி நெடுக இரண்டு கட்சிக்காரர்களும் வாதாடிக்கொண்டே வந்தார்கள். அவளுக்கு நேர் பின்னால் இருவர், உள்ளங்கை என்றால் இடது கையா வலது கையா என்று ஒரு கிளைச் சண்டையை ஆரம்பித்தார்கள். அவள் திரும்பவில்லை.

கடைசியாக அந்தப் பாட்டு வந்தது. ஒரு பையன் முதல் இரண்டு சரணத்தைப் பாடினான். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். சுரம் ஏறியது, நின்றது. டக். அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. “உள்ளங்கை!” என்று ஒரு மூலை கத்த, “ஒயரு!” என்று இன்னொரு மூலை கத்தியது.

நன்றி சொல்ல மருந்துக்கடைக்காரர் மைக்கோடு வந்தபோது அவள் மேடையில் இருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தங்கைக்கே தெரியவில்லை. அவர் கையிலிருந்து மைக்கை, பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள்.

“உக்காருங்க,” என்றாள். “பாட்டு இன்னும் முடியல.”

“அண்ணி, வேண்டாம்,” என்று மருந்துக்கடைக்காரர் கிசுகிசுத்தார். “அண்ணனே சொல்லிட்டாரே.”

அவள் மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. “உங்க அண்ணன் பொய் சொன்னாரு.”

கை தட்டல் நின்றுவிட்டது. “இறக்குங்கய்யா அவங்களை!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதை யாரோ ஒரு பெண், “சும்மா இருடா, அவங்க பேசட்டும்,” என்று அடக்கினாள்.

பல் டாக்டர் கெட்டவர் இல்லை. என்ன நடக்கிறது என்று அரைகுறையாகப் புரிந்துகொண்டு, அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தந்தியை மெல்ல மீட்டத் தொடங்கினார். அன்றைக்கு அவள் புருஷன் வாசித்தது கிட்டத்தட்ட அதேதான்.

“கிடார் வேண்டாம்,” என்றாள்.

“சுருதிக்காகத்தான் அண்ணி…”

“கழட்டிக் கீழ வைங்க.”

அவர் கழற்றிக் கீழே வைத்தார். அவள் பாடினாள்.

“போறதா இருந்தா போ, கதவைச் சாத்திட்டுப் போ…”

கோபத்தில் குரல் பாதியிலேயே உடைந்து கரகரத்தது. முன்வரிசையில் ஒருவர் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வரிக்கு ஓடியிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை பேரையும் காத்திருக்க வைத்துவிட்டு, அதே வரியை முதலிலிருந்து எடுத்தாள்.