பால் லாரியின் பின்னால் இறங்கிய ஊர்

ஒரு முழு ஊரையும், அதன் கோழிகள் உட்பட, கயிற்றில் கோத்து எரிமலையிலிருந்து இறக்கியவன் நான். சிரிக்காதீர்கள். அந்தக் கயிறு எங்கள் ஜாவாத் தீவைவிடக் கொஞ்சம்தான் குட்டை.

அப்போது எனக்கு மலையடிக் கண்காணிப்புக் கூடத்தில் வேலை. மலை ஏப்பம் விட்டால் கருவியில் முள் துள்ளும். முள் துள்ளினால் நான் நாற்காலியோடு துள்ளுவேன். முதல் வெடிப்பின்போது எங்கள் ஆய்வு மையம் எல்லாவற்றையும் சரியாகத்தான் கணித்தது. அபாயச் சங்கு ஊதியது, ஊர் இறங்கியது. விடிந்ததும் பாதி ஊர் மறுபடி மேலே போய்விட்டது! கொதிக்கும் புகை உருண்டு வந்தபோது, அப்படித் திரும்பிப்போன பால்காரி துகினெம் தன் தொழுவத்தில் இருந்தாள். தோளில் தழும்போடு தப்பினாள். அவளுடைய இரண்டு மாடுகளில் ஒன்று தப்பவில்லை.

சாம்பல் அடங்கியபின், எங்கே தவறினோம் என்று கேட்க மையத்திலிருந்து டாக்டர் விலுஜெங் வந்தார். வறுத்த மரவள்ளியும் தேநீருமாக ஊர் கூடி உட்கார்ந்தது.

"சங்கு ஊதினோமே, ஏன்க்கா திரும்பிப் போனீங்க?"

"பால் லாரி ஏறிச்சு டாக்டரம்மா, நானும் ஏறினேன்," என்றாள் துகினெம். "லாரி ஏறுற மலை எப்படி வெடிக்கும்?"

 மலையின் மூச்சையெல்லாம் அளந்த நாங்கள், தினமும் பால் எடுக்க மேலே போகும் லாரியை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தோம்.

"அடுத்த தடவை அதே லாரி வரும்க்கா. பாலுக்கு இல்ல, மாட்டை ஏத்த. அது வந்தா நீங்களும் இறங்கிடணும்."

"மாட்டுக்கு லாரியா? உங்க ஆபீஸா அனுப்பும்?" துகினெம் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. என் பக்கம் கையைக் காட்டினாள். "இதுக்கு சர்ஜிமான் அண்ணன் புளுகையே நம்பலாம். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் சினை. அதை விட்டுட்டு நான் நகர மாட்டேன்."

மலை மறுபடி முனகியபோது மையம் முதலில் பால் சங்கத்தைக் கூப்பிட்டது, பிறகுதான் சங்கை ஊதியது. நான் லாரியில் தொற்றிக்கொண்டேன். காலை நேரம்தான். ஆனால் சாம்பல் பெய்யப் பெய்ய வெளிச்சம் பழுத்து, மங்கி, இல்லாமலே போனது. சத்தமும் அதோடு போனது. மரங்கள் தூக்கத்தில் நடப்பவைபோல் அருகே வந்து விலகின. என் மீசையில் படிந்த சாம்பலில் மிளகாய் நட்டு அறுவடையே செய்திருக்கலாம்.

ஒவ்வொரு வாசலாக மாடுகள் ஏறின. கடைசித் தொழுவத்தில் துகினெம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரது?"

"பால் லாரிதான் தங்கச்சி. வைக்கோல் போட்டு வந்திருக்கு பாரு."

அவள் கையை நீட்டி வைக்கோலைத் தடவினாள். மாடு அவளைக் கேட்காமலே ஏறிவிட்டது.

தன் பாதம் தனக்கே தெரியாத இருட்டு. மாட்டுக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து லாரியின் பின்னால் கட்டினோம். ஊரே அதைப் பிடித்துக்கொண்டு, ஒரே கனவை எல்லோரும் சேர்ந்து காண்பதுபோல் மெல்ல இறங்கியது. முன்னால் மாடுகளின் வெதுவெதுப்பான மூச்சு. பின்னால் மலை எதையோ உருட்டிவிட்டது, ஒருவரும் திரும்பவில்லை.

கீழே பள்ளி மைதானத்தில் வானம் மெல்ல வெளுத்தது. துகினெமின் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். ஊரையே கயிற்றில் கோத்து நான்தான் இழுத்து வந்தேன் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

"என்னக்கா, லாரி வந்துச்சா?"

துகினெம் வாயிலிருந்த சாம்பலைத் துப்பினாள். லாரிக்குள் அசைபோடும் மாட்டைப் பார்த்தாள், பிறகு என்னை முறைத்தாள்.

"அண்ணன் ஒண்ணும் இழுக்கல. ஆனா வந்துச்சு டாக்டரம்மா. நெசமாவே வந்துச்சு."